பாசிட்டிவ் என்றாலும் பிள்ளையைப் பிரிக்காதீர்கள்

பிறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க 2021 மே மாதத்தில் எந்த நியாயமும் கிடையாது. தாய்க்குக் கொரோனா இருந்தாலும் பிள்ளையை அவளோடு வையுங்கள், பிறந்ததும் நெஞ்சோடு சேர்த்துப் போடுங்கள், தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. அதற்கு ஓராண்டு கழித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், என் மகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே வேறு மாடிக்குக் கொண்டுபோனார்கள். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொற்று எப்படி வந்தது என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மே 10-ம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. அந்த மாதம் 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. என் வீட்டுக்காரருக்கு மளிகை மொத்த வியாபாரம். கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் வெளியே போய் வந்துகொண்டுதான் இருந்திருப்பார். நிறைமாதத்தில் எனக்கு லேசாக உடம்பு சுட்டது. ரசத்தில் பெருங்காய வாசனை தெரியவில்லை. வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனதும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், பாசிட்டிவ். ஆக்ஸிஜன் அளவு 97. தனி அறை, பி.பி.இ. கிட் போட்ட டாக்டர், சுகப்பிரசவம்.

அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். "கொரோனான்னா ஆபரேஷன் பண்ணிட வேண்டியதுதானே" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே கேட்டபோது, "கொரோனாவுக்காக வயித்தைக் கிழிக்கணும்னு எந்த விதியும் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதுதான் சரி. தாய்க்கு மூச்சுத்திணறலோ குழந்தைக்கு ஏதேனும் சிக்கலோ இருந்தால் அறுவை செய்வார்கள். தொற்று மட்டும் அதற்குக் காரணமாகாது. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் வேறு என்ன காரணம் என்று கேளுங்கள்.

பிரசவம் பார்த்தவர் ஒருவர், பிள்ளையைப் பார்த்தவர்கள் வேறு. அங்கேதான் கோளாறு நடந்தது.

பிறந்த அன்றே என் மகளின் மூக்கிலும் ஸ்வாப் எடுத்தார்கள். பாசிட்டிவ் என்று வந்தது. "வயித்துக்குள்ளேயே போயிருச்சும்மா" என்று ஒரு இளைய டாக்டர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் அரை மணி நேரத்தில் எங்கள் சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. வயிற்றில் வைத்தே பிள்ளைக்கு நோயைக் கொடுத்தவள் என்று என் பெயர் ஆனது. என் நாத்தனார் போனில் அழுதது எனக்காக அல்ல.

இந்த இடத்தில் நான் பின்னால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் அந்த டாக்டரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பேன்.

பிறந்தவுடன் எடுக்கும் ஒரே ஒரு ஸ்வாபை வைத்துக்கொண்டு, கருப்பையிலேயே தொற்று போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பிறக்கும்போது தாயின் ரத்தமும் நீரும் பிள்ளையின் மூக்கிலும் வாயிலும் படும். பிரசவ அறையின் காற்றில் தாயின் மூச்சு இருக்கும். அதில் இருந்த கிருமியின் துணுக்கு ஸ்வாபில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் முடிவு பாசிட்டிவ்தான். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2021 பிப்ரவரியில், அதாவது என் பிரசவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே, ஒரு வரையறை வெளியிட்டது. கருப்பையில் தொற்றியதா, பிறக்கும் நேரத்தில் தொற்றியதா, பிறந்த பிறகு தொற்றியதா என்று மூன்றாகப் பிரித்தது. கருப்பையில்தான் தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல, பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு சோதனையும், அதன் பிறகு கிருமி பிள்ளையின் உடம்பில் நிலைத்திருக்கிறது என்று காட்டும் இன்னொரு சோதனையும் வேண்டும். மூக்கு ஸ்வாப் போதாது. ரத்தம் போன்ற, வெளிக்கிருமி கலக்காத மாதிரியில் பார்க்க வேண்டும். என் பிள்ளைக்கு அந்த ஒரு மூக்கு ஸ்வாபுக்கு மேல் எதுவும் பார்க்காமலே தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

கருப்பையில் தொற்றுவதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. பாரிஸ் அருகே கிளமார் என்ற ஊரில், அன்ட்வான் பெக்ளேர் மருத்துவமனையில் 2020 மார்ச்சில் பிறந்த ஒரு குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகவே தொற்று போனதை மருத்துவர்கள் முறையாக நிரூபித்து, அந்த ஜூலையில் ஆய்வாக வெளியிட்டார்கள். நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், ரத்தம் எல்லாவற்றிலும் பார்த்தார்கள். அந்தக் குழந்தைக்கு நரம்பு சம்பந்தமான தொந்தரவுகள் வந்து, பிறகு தேறியது. நம் நாட்டில் புனே சாசூன் மருத்துவமனையில் அதே 2020-ல் ஒரு கேஸ் வெளியே வந்தது. பிள்ளையின் மூக்கு ஸ்வாபோடு நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடியையும் சோதித்த பிறகுதான் அவர்கள் வாயைத் திறந்தார்கள். முறையாகச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மொத்தக் கணக்கையும் பாருங்கள். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய அலசல் ஒன்று 2022 மார்ச்சில் பி.எம்.ஜே. இதழில் வந்தது. தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் பாசிட்டிவ் ஆனவர்கள் 1.8 சதவீதம். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த இரண்டிலும் பிறந்த பிறகு தொற்றியவர்கள் சேர்த்தி. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இந்தக் கிருமி பெரும்பாலும் மூக்கு, தொண்டை, நுரையீரலில் குடியிருப்பது. ரத்தத்தில் அதிகம் சுற்றுவதில்லை. ரத்தத்தில் இல்லாதது நஞ்சுக்கொடியைத் தொடுவது கடினம். தொட்டாலும், உள்ளே நுழைய அதற்குத் தேவையான இரண்டு புரதங்கள் நஞ்சுக்கொடியின் ஒரே உயிரணுவில் சேர்ந்து இருப்பது அபூர்வம்.

சரி, என் மகளுக்குத் தொற்று இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கும் பாசிட்டிவ், அவளுக்கும் பாசிட்டிவ். பிறகு யாரை யாரிடமிருந்து காப்பாற்றப் பிரித்தார்கள்? இந்தக் கேள்விக்கு அந்த மருத்துவமனையில் இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவளுக்கு மூச்சுத்திணறல் இல்லை. காய்ச்சல் இல்லை. எடை குறைவில்லை. அழுகை ஊரைக் கூட்டும்படி இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) வைத்து, பாட்டிலில் பவுடர் பால் கொடுத்தார்கள். இரண்டாவது சோதனையில் நெகட்டிவ் வந்தது. இனி கொடுத்துவிடுவார்கள் என்று நான் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டேன். "பிள்ளைக்கு நெகட்டிவ், உங்களுக்கு இன்னும் பாசிட்டிவ், அதனால சேர்க்க முடியாது" என்றார்கள். பாசிட்டிவ் என்றபோதும் பிரித்தார்கள், நெகட்டிவ் என்றபோதும் பிரித்தார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, தொற்றுள்ள தாயையும் சேயையும் தற்காலிகமாகப் பிரிக்கலாம் என்று சொன்னது. கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாத நேரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். விவரம் தெரிந்ததும் அந்த ஜூலையிலேயே அவர்கள் அதை மாற்றிக்கொண்டார்கள். ஒரே அறையில் இருக்கட்டும், தாய் முகக்கவசம் போட்டுக் கை கழுவிப் பால் கொடுக்கட்டும் என்றார்கள். ஏப்ரலில் வந்த தாளைச் சுவரில் ஒட்டியவர்கள் ஜூலையில் வந்ததைப் படிக்கவில்லை. என் மகள் பிறந்தது அதற்கு அடுத்த மே மாதம்.

இதில் என் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. அவருக்கும் இது தெரியும். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். கீழே கவுன்ட்டரில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். குழந்தையைத் தனிமைப்படுத்தவும் பவுடர் பால் கொடுக்கவும் சம்மதம் என்பது அதில் ஒரு தாள். பதற்றத்தில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் சண்டை போட்டபோது, "உங்க வீட்டுக்காரர்தானேம்மா கையெழுத்துப் போட்டிருக்காரு" என்று அந்தத் தாளைத்தான் காட்டினார்கள். பெற்றவள் அறையில் நினைவோடு இருக்கும்போது அவளைக் கேட்காமல் வாங்கிய கையெழுத்து அது. உங்கள் வீட்டுக்காரரும் அந்த நேரத்தில் பதறத்தான் செய்வார். அதனால் வலி எடுப்பதற்கு முன்பே அவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: பிள்ளை சம்பந்தமான எந்தத் தாளும் என்னைக் கேட்காமல் கையெழுத்தாகக் கூடாது. தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பால் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக இருந்தது, கையைத் தூக்க முடியவில்லை. பீய்ச்சித் தருகிறேன், பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பாசிட்டிவ் அறையிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்றார்கள். சாப்பாட்டோடு வந்த எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சினேன். மஞ்சள் நிறச் சீம்பால் அடியில் கெட்டியாக நின்றது. அதைக் கொண்டுபோய் வாஷ்பேசினில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு இரவும் பகலும் அதே வேலை. வைரஸ் தொற்றிய பல தாய்மாரின் பாலைச் சோதித்தும், தொற்றக்கூடிய உயிருள்ள கிருமி அதில் இருப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் எழுதியது. நோயை எதிர்த்து நிற்கும் எதிர்ப்பொருள் அந்தப் பாலில் இருக்கிறது. என் மகளுக்கு அந்த வாரம் கிடைத்திருக்க வேண்டிய ஒரே மருந்தை நான் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் அத்தை போன் செய்தார். "பாலைக் குடிச்சா பிள்ளைக்கு ஏறிரும். ரெண்டு பந்து மல்லிகைப்பூ குடுத்தனுப்புறேன், வச்சுக் கட்டிக்கோ, வத்திரும்" என்றார். எங்கள் பக்கத்தில் பிள்ளை தவறிப்போன தாய்க்குத்தான் மார்பில் பூ வைத்துக் கட்டுவார்கள். உயிரோடு ஒரு பிள்ளையை மேல் மாடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்டேன். மல்லிகை பாலை வற்றவைக்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 1988-ல் அதைப் பற்றி மருத்துவ ஆய்வே வந்திருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். பூவைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அத்தை பல மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பூவை வாங்கிக் கட்டியிருந்தால் என் மகளுக்குத் தாய்ப்பால் என்பதே இல்லாமல் போயிருக்கும். நான் செய்தது சரி.

டிஸ்சார்ஜ் சமயத்தில் பவுடர் பால் டின் ஒன்றையும் பாட்டிலையும் பையில் வைத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று மேசையிலேயே வைத்துவிட்டேன். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்களை விளம்பரம் செய்வதையும் தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. இது பல தாய்மாருக்குத் தெரியாது. பில்லில் என்.ஐ.சி.யூ. வாடகை பிரசவச் செலவைவிட அதிகம் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த டிஸ்சார்ஜ், மருத்துவமனை தானாகக் கொடுத்ததில்லை. என் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் பிள்ளையை வாங்கினேன். அவசரப்பட்டேன் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனில் எல்லா விவரமும் சொன்னேன். பிள்ளை நன்றாக இருக்கிறது, சோதனை நெகட்டிவ், தாய்க்கும் மூச்சுத்திணறல் இல்லை, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டேன். பிள்ளைக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டிருந்தாலோ, குறைமாதமாக இருந்திருந்தாலோ ஒருநாளும் அப்படிச் செய்திருக்க மாட்டேன். நீங்களும் செய்யக் கூடாது.

அம்மா வீட்டுக்குப் போனேன். உங்களுக்கும் அதுதான் நல்லது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டைப் போல் ஓர் இடம் கிடையாது. ஆனால் பாட்டிலில் பழகிய பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை. காம்பை வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் செவிலியர் அக்காதான் எங்களைக் காப்பாற்றினார். பாட்டிலை அன்றே தூக்கிப் போடச் சொன்னார். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, என் நெஞ்சோடு தோல்படச் சாய்த்து, மேலே என் சேலையைப் போர்த்தி உட்காரவைத்தார். கங்காரு முறை என்று அதைச் சொல்கிறார்கள். பசி முற்றி அழும் வரை காத்திருக்காமல், தூக்கக் கலக்கத்தில் வாயை அசைக்கும்போதே மார்பில் வைக்க வேண்டும். அக்கா பாலாடையில் பீய்ச்சிய பாலை எடுத்து, என் மார்பின் மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் காம்பு வழியே வழியவிட்டார். சப்பினால் பால் வருகிறது என்று பிள்ளைக்கு அப்படித்தான் தெரிய வேண்டுமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும் விடாமல். ராத்திரியில் கொடுக்கிற பால்தான் அடுத்த நாள் சுரப்பைக் கூட்டும் என்றார். நான் முகக்கவசத்தை அவிழ்க்கவில்லை. பிள்ளையைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஒவ்வொரு முறையும் மார்பைக் கழுவத் தேவையில்லை. மார்பின் மேல் இருமியிருந்தால் மட்டும் கழுவினால் போதும்.

ஒரு நாள் விடியற்காலையில் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை அவள் இரண்டு வயது தாண்டும் வரை விடவில்லை.

மற்றபடி சில விஷயங்கள். கர்ப்பிணிக்குக் கொரோனா என்றால் பிள்ளைக்குத் தொற்றுவதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது தாயின் மூச்சுக்கும் பிரசவ நாளுக்கும்தான். கர்ப்பிணிகளுக்கு நோய் தீவிரமாகவும், குறைமாதப் பிரசவம் நடக்கவும் மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு 94 என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்; வயிற்றில் பிள்ளை இருப்பவருக்கு 95-க்குக் கீழே போனாலே 108-ஐக் கூப்பிட வேண்டும். நிறைமாதம் நெருங்குகிறவர்கள் பிள்ளையின் அசைவைக் கவனியுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் கவனியுங்கள். சிலருக்குக் கிருமி நஞ்சுக்கொடியையே தாக்கி, பிள்ளைக்கு ரத்தம் போவது குறைந்து, வயிற்றிலேயே பிள்ளை இறந்திருக்கிறது. அயர்லாந்தில் 2021 தொடக்கத்தில் அப்படிச் சிலருக்கு நடந்தது. அசைவு குறைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள். நான் கர்ப்பமாக இருந்தபோது கர்ப்பிணிகளுக்கு அனுமதியே இல்லை. மத்திய அரசு 2021 ஜூலை 2-ம் தேதிதான் அனுமதித்தது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு அந்த மே மாதமே அனுமதி வந்துவிட்டது. உரிய இடைவெளி முடிந்ததும் போய்ப் போட்டுக்கொண்டேன். பால் விஷமாகிவிடும் என்று அதற்கும் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. கிருமி போய்விடவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. பிள்ளையைப் பிரித்து வைக்கும் பழக்கமும் போகவில்லை. காய்ச்சல், இருமல் என்றாலே தாயைத் தள்ளி வைக்கும் மருத்துவமனைகளைப் பற்றி இன்னும் கேள்விப்படுகிறேன். அம்மை, காசநோய் போன்றவற்றுக்கு விதிகள் வேறு. அதில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். கொரோனாவுக்கு விதி, பிள்ளையைத் தாயோடு வைப்பதுதான்.

இப்போது கர்ப்பமாக இருக்கிறவர்கள் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிரசவ நேரத்தில் எனக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் பிள்ளையை என்னோடு வைப்பீர்களா, பால் கொடுக்க விடுவீர்களா? பிரசவம் பார்க்கும் டாக்டரை மட்டும் கேட்டால் போதாது. அங்கே பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடமும் கேளுங்கள். மழுப்பினால் வேறு மருத்துவமனை பாருங்கள்.